பாலக்காட்டுக் கணவாய்: பறவைகளைப் பிரித்த சமவெளி

பாலக்காடு–பொள்ளாச்சி சாலையில், தமிழக எல்லைக்குச் சற்று முன்னால் கொழிஞ்சாம்பாறை இருக்கிறது. நிர்வாகக் கணக்கில் இது கேரளத்தின் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர். மண்ணையும் மழையையும் பேச்சையும் பார்த்தால் கொங்கு நாட்டின் மேற்கு ஓரம் என்றே சொல்லத் தோன்றும். கேரளத்தில் வேறெங்கும் காணக் கிடைக்காத கரிசல் நிலம் இந்தச் சித்தூர்ப் பகுதியில்தான் உண்டு. நெல்லோடு நிலக்கடலை, பருத்தி, கரும்பு, தென்னை என்று புன்செய்ப் பயிர்களும் இங்கே விளைந்துவந்திருக்கின்றன. தென்மேற்குப் பருவமழை பாலக்காடு மாவட்டத்தின் மேற்குப் பாதியில் பெய்வதுபோல இங்கே பெய்வதில்லை. ஊரிலிருந்து வடக்கே பார்த்தால் வாளையாறு மலைகள் தெரியும். அவற்றுக்கு அப்பால் சிறுவாணி, அட்டப்பாடி, நீலகிரி. தெற்கே நெல்லியாம்பதியும் பரம்பிக்குளமும் ஆனைமலையும். இவ்விரு மலைத்தொகுதிகளுக்கும் நடுவே, 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்தில் தாழ்ந்து கிடக்கும் சமவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். கொழிஞ்சாம்பாறை அந்தக் கணவாயின் தரையிலேயே அமைந்த ஊர்.

குஜராத் எல்லையிலிருந்து கன்னியாகுமரிவரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இதைப்போல அகன்ற, ஆழமான இடைவெளி வேறில்லை. வடக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கணவாயின் தரையோ சில நூறு மீட்டர் உயரத்தைத் தாண்டுவதில்லை. இந்தப் பள்ளம் ஆறு அரித்து மட்டும் உண்டானதல்ல. பாலக்காட்டிலிருந்து கிழக்கே காவிரிப் படுகைவரை பூமியின் மேலோட்டில் மிகப் பழைய பிளவு மண்டலம் ஒன்று ஓடுகிறது. அதன் பாறைகள் நொறுங்கிப் பலவீனப்பட்டவை. மலை தாழ்ந்திருப்பதும் அந்த மண்டலத்தை ஒட்டித்தான். இன்றுள்ள பறவை இனங்கள் எவையும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த இடைவெளி இருந்திருக்கிறது.

மனிதர்களுக்கு இது என்றும் வாசலாகவே இருந்தது. மேற்குக் கடற்கரையின் மிளகும் கிழக்கின் துணியும் தானியமும் இவ்வழியே போய்வந்தன. கோயம்புத்தூர்ப் பகுதியில் கிடைத்த ரோமானிய நாணயங்கள் இந்தப் பாதையின் பழமைக்குச் சான்று. ஹைதர் அலி 1766-இல் பாலக்காட்டில் கோட்டை கட்டியதும் இந்த வாசலைக் காக்கத்தான். 1860-களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூருக்குப் போட்ட இருப்புப்பாதை மலை எதையும் குடையாமல் இதன் வழியே சென்றது. 1932-இல் பாலக்காடு–பொள்ளாச்சிப் பாதையும் திறந்தது. மேல்காற்றும் இந்த வாசல் வழியாகவே கிழக்கே வீசுகிறது. உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வது அதனால்தான். மொழி எல்லை, மாநில எல்லை எல்லாவற்றையும் மீறி ஆட்களும் மாடுகளும் சரக்கும் இவ்வழியே ஓயாமல் நடமாடியிருக்கின்றன. மலைக்காட்டுப் பறவைகள் சிலவற்றின் வரலாறோ நேர் எதிரானது. அவற்றின் கண்ணுக்கு இந்தச் சமவெளி கடக்க முடியாத கடல்.

சோலைக்காடு என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளில், பெரும்பாலும் 1,400 மீட்டருக்கு மேலே, மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் அடர்ந்து நிற்கும் குட்டை மரக்காடு. மரங்களில் பாசி தொங்கும். தரை எப்போதும் ஈரமாக இருக்கும். வெயில் உள்ளே புகாது. சோலையைச் சுற்றிப் புல்வெளி பரந்திருக்கும். இந்தச் சோலையும் புல்வெளியும் மலைத்தொடர் நெடுகத் தொடர்ந்து இருப்பதில்லை. உயர்ந்த சிகரங்களில் மட்டும் திட்டுத் திட்டாக இருக்கின்றன. அதனால் இவற்றை வான்தீவுகள் என்று உயிரியலாளர்கள் அழைக்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் பாலைவனத்துக்கு நடுவே நிற்கும் மலைகளுக்கு வைத்த பெயர் இது; பின்னர் கிழக்கு ஆப்பிரிக்க மலைகளுக்கும் தென்னிந்திய மலைகளுக்கும் பரவியது.

சோலையில் வாழும் பறவை பறக்கத் தெரியாததல்ல. 40 கிலோமீட்டரைச் சிறகால் கடப்பது பல பறவைகளுக்கு ஒரு காலைப்பொழுதின் வேலை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வலசை வரும் பறவைகளே இந்தக் கணவாயின் வயல்களில் குளிர்காலத்தில் இறங்குகின்றன. தடையாக நிற்பது தூரமல்ல, வாழிடம். சோலையின் அடித்தளத்தில் இலைச்சருகைக் கிளறி இரை தேடும் பறவை வெட்டவெளிக்கு வருவதைத் தவிர்க்கிறது. அதன் சிறகு குட்டையானது, வட்டமானது. புதருக்குப் புதர் தாவ ஏற்றது. ஏப்ரல் மாதத்தில் 40 டிகிரி வெயில் காயும் பாலக்காட்டுச் சமவெளியில் அது தங்க நிழல் கிடையாது, தின்னவும் பழக்கப்பட்ட இரை கிடையாது. தப்பித்தவறி ஒரு பறவை கடந்துவிட்டாலும் அக்கரையில் இணை சேர்ந்து குஞ்சு பொரித்தால்தான் அதன் மரபு அங்கே கலக்கும். அப்படி நேராமலே நெடுங்காலம் போனால் இருகரைப் பறவைகளின் மரபணுக்களில் வெவ்வேறு மாற்றங்கள் தனித்தனியே சேர்ந்துகொண்டு போகும். உடல் நிறமும் குரலும் கொஞ்சம் மாறலாம், மாறாமலும் இருக்கலாம். வெளியே தெரியாமல் உள்ளே பிரிந்து நிற்கும் இத்தகைய கால்வழிகளைக் கண்ணால் மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கண்ணால் பார்த்து வகைப்படுத்திய காலம் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. சென்னைப் படையின் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன் நீலகிரியின் சிரிப்பானை 1839-இல் விவரித்தார். ஆள் அரவம் கேட்டால் கூட்டமாகக் கெக்கலிக்கும் பறவை அது. ஊட்டியின் புதர்களில் இன்றும் கேட்கலாம். நீலகிரிச் சோலைக்கிளிக்கு 1844-இல் அவரே பெயரிட்டார். பெயரில் கிளி இருந்தாலும் இது கிளி இனமல்ல; கருநீல முதுகும் செம்பழுப்பு வயிறும் கொண்ட, உருவில் குருவியை ஒத்த தரைப்பறவை. வயநாட்டின் பாணாசுர மலையில் ஜெர்டனுக்குக் கிடைத்த இன்னொரு சிரிப்பானுக்கு, கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளர் எட்வர்ட் பிளைத் 1851-இல் ஜெர்டனின் பெயரையே சூட்டினார்.

கணவாய்க்குத் தெற்கே இருந்த பறவைகள் நூலேற இன்னும் சில ஆண்டுகள் ஆயின. பழனி மலையில் பறவை சேகரித்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் ஃபேர்பேங்க் தம் மாதிரிகளை நிலவியலாளர் வில்லியம் பிளான்ஃபோர்டுக்குக் கொடுத்தார். வயிறு வெளுத்த சோலைக்கிளியை 1868-இலும், நெஞ்சு சாம்பல் படர்ந்த பழனிச் சிரிப்பானை 1869-இலும் பிளான்ஃபோர்ட் அறிவித்தார். பின்னதன் பெயரில் ஃபேர்பேங்க் இருக்கிறார். திருவிதாங்கூரின் தென்கோடி மலைகளில் வாழும் சிரிப்பானை 1880-இல் பிளான்ஃபோர்ட் தனியாகப் பிரித்தார். ஆக 19-ஆம் நூற்றாண்டு முடியும்முன் மலைக்கு மலை ஒரு பெயர் என்ற நிலை உருவாகியிருந்தது.

அடுத்த நூற்றாண்டு இந்தப் பெயர்களைச் சுருக்கியது. நிற வேறுபாடு சிறிதாக இருந்தால் தனி இனம் என்று கொள்ளாமல், ஒரே இனத்தின் துணையினம் என்று அடக்கிவிடுவது அன்றைய வழக்கம். சாலிம் அலி 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். சித்தூர் அப்போது கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. நெல்லியாம்பதியும் பரம்பிக்குளமும் அப்படியே. பரம்பிக்குளத்துத் தேக்கை மலையிலிருந்து இறக்குவதற்காகக் கொச்சி அரசு போட்டிருந்த வன டிராம்பாதையில் குரியார்குட்டி என்றொரு நிலையம். சாலிம் அலி தங்கிப் பறவை பார்த்த இடங்களில் அதுவும் ஒன்று. இந்தக் கணக்கெடுப்பின் பயனாகத் தென்மேற்கு மலைகளின் பறவைகளுக்கு முதல்முறையாக ஒழுங்கான பதிவு கிடைத்தது. ஆனால் பின்னர் அவரும் அமெரிக்கரான டில்லன் ரிப்ளியும் சேர்ந்து எழுதிய பெருநூல் தொகுதியில் கணவாய்க்கு இருபுறமும் உள்ள சோலைக்கிளிகள் ஒரே இனமாயின. சிரிப்பான்களின் கதி இன்னும் விசித்திரம். நீலகிரிச் சிரிப்பான் ஒரு தனி இனமாக நின்றது. வடக்கே வயநாட்டின் பாணாசுரச் சிரிப்பானும், கணவாய்க்குத் தெற்கே பழனி, திருவிதாங்கூர்ச் சிரிப்பான்களும் ஒரே இனத்தின் துணையினங்களாகச் சேர்ந்தன. நெஞ்சில் சாம்பல் நிறம் இருப்பது அவற்றுக்குப் பொதுவாக இருந்ததே காரணம். பக்கத்து மலையில் இருந்த உறவை விட்டுவிட்டு, பெரும்பள்ளம் தாண்டி வேறொன்றோடு முடிச்சுப் போட்டதில் ஏதோ பிசகு இருந்தது. அதைக் காட்ட அன்று வேறு கருவி இல்லை.

இந்தக் காலத்தின் பெரிய கேள்வியும் வேறாக இருந்தது. தென்னிந்திய மலைப் பறவைகள் பலவற்றுக்கு நெருங்கிய உறவினங்கள் கிழக்கு இமயத்திலும் தென்கிழக்காசியாவிலும் இருக்கின்றன. இடையிலுள்ள தக்காணத்தில் இல்லை. இது எப்படி நேர்ந்தது? மீனியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா சாத்பூரா மலைத்தொடரை வழியாகக் காட்டினார். குளிர்ந்த ஈரமான ஒரு காலத்தில் இமயத்து உயிரினங்கள் சாத்பூரா வழியே மேற்குத் தொடர்ச்சி மலையை அடைந்து தெற்கே இறங்கின என்பது அவர் கருத்து. பறவைகளுக்கும் அது பொருந்துமா என்று சாலிம் அலி 1949-இல் ஆராய்ந்து எழுதினார். இந்த விவாதம் பயனுள்ளதே. ஆனால் அது ஒரு மனப்பழக்கத்தையும் உண்டாக்கிவிட்டது. தென்மலைகளின் பறவைகள் இமயத்திலிருந்து வந்து தங்கியவை, இங்கேயே கிளைத்துப் பெருகியவை அல்ல என்ற எண்ணம் நூற்றாண்டின் இறுதிவரை ஆட்சி செய்தது.

அதை மாற்றிய ஆய்வுகள் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் தொடங்கின. வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், பின்னர் சி.கே. விஷ்ணுதாஸ், பூஜா குப்தா உள்ளிட்டோர் அடங்கிய குழு நீலகிரி தொடங்கித் தென்கோடி அகத்தியமலைப் பகுதிவரை மலை மலையாகச் சென்று, சோலைக்குள் மெல்லிய வலை கட்டிப் பறவைகளைப் பிடித்தது. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக்கொண்டு, காலில் வளையம் பூட்டிப் பறக்கவிடுவது முறை. இரத்தத்திலிருந்து பிரித்த டிஎன்ஏ-வில் குறிப்பிட்ட சில பகுதிகளின் எழுத்து வரிசையைப் படித்து, பறவைக்குப் பறவை எத்தனை இடத்தில் மாறுகிறது என்று ஒப்பிட்டார்கள். தாய்வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ இதற்கு முதல் துணை. அது வேகமாக மாறுவதால் சில லட்சம் ஆண்டுப் பிரிவைக்கூடக் காட்டும். தாய்வழியை மட்டும் நம்பினால் பாதிக் கதைதான் கிடைக்கும் என்பதால் உட்கருவின் மரபணுப் பகுதிகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

2010-இல் வெளிவந்த முதல் முடிவு சோலைக்கிளியைப் பற்றியது. ஒரே இனம் என்று நூல்கள் சொன்ன பறவை, மரபணுவில் ஆழமாகப் பிளந்திருந்தது. அந்தப் பிளவுகள் எங்கெங்கே விழுந்தன என்பதுதான் முக்கியம்: ஒன்று பாலக்காட்டுக் கணவாயில், இன்னொன்று அதற்குத் தெற்கே செங்கோட்டைக் கணவாயில். கொல்லம்–தென்காசி ரயில் போகும் அந்த இரண்டாவது இடைவெளி பாலக்காட்டுக் கணவாயைவிட மிகக் குறுகியது. ஆனாலும் அதற்குத் தெற்கே அசம்பு மலைகளில் இருந்த சோலைக்கிளிகள், ஆனைமலை–பழனிச் சோலைக்கிளிகளிடமிருந்து தனித்து நின்றன. பார்வைக்கு இரண்டும் வெள்ளை வயிற்றுப் பறவைகள்தாம். அருங்காட்சியகத் தட்டில் அடுக்கி வைத்தால் தேர்ந்த கண்ணும் தடுமாறும்.

ஒரு பறவையில் கண்டது அதன் தனிப்பட்ட வரலாறாக இருக்கலாம். எனவே அடுத்த கட்டமாக மலைப் பறவைக் கூட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். 9 இடங்களில் பிடித்த 23 இனங்களின் 356 பறவைகளை ஆராய்ந்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். 23-இல் 10 இனங்கள் பாலக்காட்டுக் கணவாயில் பிரிந்திருந்தன. அவற்றின் மிகப் பழைய பிளவு அங்கேதான் விழுந்திருந்தது. அந்தப் பத்தில் சில இனங்கள் மட்டும் குறுகிய, ஆழம் குறைந்த பள்ளங்களிலும் பிரிந்திருந்தன. அந்தப் பிரிவுகள் காலத்தால் பிந்தியவை. அகன்ற பள்ளம் முதலில் பிரித்தது. அது பிரித்த இருபாதிகளுக்குள் சின்னப் பள்ளங்கள் பின்னர் மேலும் பிரித்தன. சிறு பள்ளத்தில் பிரிந்து பெரும் பள்ளத்தில் பிரியாத பறவை என்று இந்த வரிசையில் இல்லை. மற்ற 13 இனங்கள் இந்தப் பாங்கில் சேரவில்லை. பள்ளத்தில் பிரிந்தவை பெரும்பாலும் ஆண்டு முழுவதும் உச்சியிலேயே தங்கிவிடுபவை. உயரம் பார்க்காமல் கீழ்மலைக் காட்டிலும் வாழும் பறவைக்கும், இடம் பெயரும் பறவைக்கும் இந்தச் சமவெளி அவ்வளவு பெரிய தடையல்ல.

பிளவுகளின் காலம் இனத்துக்கு இனம் வேறுபட்டதும் இந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது. கணவாய் பல கோடி ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது. அது மட்டுமே காரணமென்றால் எல்லாப் பறவைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிரிந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. பெரும்பாலான பிளவுகள் ப்ளைஸ்டோசீன் என்ற, சுமார் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பனிக்காலங்களின் யுகத்தில் வெவ்வேறு சமயங்களில் நேர்ந்திருந்தன. அந்த யுகத்தில் பூமி மாறி மாறிக் குளிர்ந்தது, வெதுவெதுத்தது. தென்னிந்தியாவில் பனிப்பாளம் மூடவில்லை. ஆனால் மழையும் வெப்பமும் ஏறி இறங்கியதால் சோலைக்காட்டின் பரப்பு விரிந்தும் சுருங்கியும் வந்தது. இதற்கான சான்று நீலகிரியின் சதுப்புகளில் படிந்த கரிமண்ணில் இருக்கிறது. ராமன் சுகுமாரும் ஆர். ரமேஷும் சக ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில் அந்த மண்ணின் கார்பன் ஐசோடோப்புகளை அளந்தார்கள். மரமும் வெப்பமண்டலப் புல்லும் காற்றிலிருந்து கார்பனை ஏற்கும் விதம் வேறு என்பதால், எந்த அடுக்கில் காடு ஓங்கியிருந்தது, எதில் புல் ஓங்கியிருந்தது என்று மண்ணே சொல்லிவிடுகிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில், நீலகிரி வறண்டு புல்வெளி மேலோங்கியிருந்தது. பின்னர் மழை பெருகியபோது காடு மீண்டது. காடு தாழ்வுக்கு இறங்கிய காலத்தில் சில பறவைகள் இடையிலுள்ள குன்றுகள் வழியே கடந்திருக்கலாம். சுருங்கிய காலத்தில் உச்சிகளில் சிக்கித் தனித்திருக்கலாம். எந்தப் பறவைக்கு எந்தச் சுற்றில் வழி அடைபட்டது என்பது அதனதன் இயல்பைப் பொறுத்தது. நிலம் தடையை வைத்தது. தடை எப்போது இறுகும் என்பதைக் காலநிலை தீர்மானித்தது.

2017-இல் வந்த மூன்றாவது ஆய்வில் அமெரிக்காவின் சுஷ்மா ரெட்டி, சிங்கப்பூரின் ஃபிராங்க் ரைண்ட் முதலியோரும் இணைந்தார்கள். கேள்வி ஒரு படி மேலே போயிற்று: இந்தச் சோலைக்கிளியும் சிரிப்பானும் யாருடைய உறவு? சோலைக்கிளியை நெடுங்காலம் இமயத்துக் குறுஞ்சிறகன்களோடு சேர்த்திருந்தார்கள். தரையில் நடப்பது, குட்டைச் சிறகு, நீண்ட கால் எல்லாம் ஒத்துப்போனதால் அது இயல்பாகவே தோன்றியது. மரபணு வேறு சொன்னது. சோலைக்கிளியின் நெருங்கிய உறவு, மரக்கிளையில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் நீல ஈப்பிடிப்பான்களின் கூட்டம். அந்தப் பெருங்குடும்பத்திலிருந்து வெகுகாலம் முன்பே பிரிந்து, சோலையின் தரைக்கு இறங்கி, அந்த வாழ்வுக்கேற்ற உடலைப் பெற்ற தனிக் கால்வழி அது. குறுஞ்சிறகனோடு காணும் ஒற்றுமை ஒரேவகை வாழ்க்கை தந்த ஒற்றுமை. சிரிப்பான்களும் அப்படியே. சிரிப்பான் என்று பெயர் பெற்ற மற்ற ஆசியப் பறவைகளைவிட, லியோத்ரிக்ஸ் போன்ற இமய, தென்கிழக்காசியச் சிலம்பன்களுக்கு அவை நெருக்கமாக இருந்தன.

எனவே இரண்டுக்கும் புதிய பேரினங்கள் அமைத்தார்கள். சோலைக்கிளிகளுக்கு சோலிகோலா, தென்மலைச் சிரிப்பான்களுக்கு மாண்டிசிங்க்ளா. சோலிகோலாவில் மூன்று இனங்கள்: கணவாய்க்கு வடக்கே நீலகிரிச் சோலைக்கிளி, இரு கணவாய்களுக்கும் நடுவே, மூணாறு, ஆனைமலை, பழனி மலைகளில் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அதுவரை தனிப்பெயரே இல்லாதிருந்த அசம்புச் சோலைக்கிளி. மாண்டிசிங்க்ளாவில் நான்கு: வயநாட்டில் பாணாசுரச் சிரிப்பான், நீலகிரியில் நீலகிரிச் சிரிப்பான், பழனி–ஆனைமலை–மூணாறு பகுதியில் பழனிச் சிரிப்பான், தென்கோடியில், முன்பு திருவிதாங்கூர்ச் சிரிப்பான் என்று கண்ட அசம்புச் சிரிப்பான். சாம்பல் நெஞ்சை வைத்துப் போட்ட பழைய முடிச்சு இங்கேதான் அவிழ்ந்தது. பாணாசுரச் சிரிப்பானின் உடன்பிறப்பு நீலகிரிச் சிரிப்பான். பழனிச் சிரிப்பானின் உடன்பிறப்பு அசம்புச் சிரிப்பான். கணவாயின் வடகரையில் ஓர் இணை, தென்கரையில் ஓர் இணை. நிறம் தாறுமாறாக மாறியிருக்கிறது. மலைகளின் வரிசை மாறவில்லை. ஜெர்டனும் பிளைத்தும் பிளான்ஃபோர்டும் கையில் இருந்த ஒன்றிரண்டு தோல்களை வைத்து மலைக்கு ஒரு பெயர் கொடுத்தது, பிந்தைய நூற்றாண்டின் நிதானமான தொகுப்பைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது என்பது வகைப்பாட்டு வரலாற்றில் சுவையான திருப்பம்.

ஹோராவின் கேள்விக்கும் இதில் ஒரு பதில் உண்டு. மூதாதைகள் வெளியிலிருந்து வந்தவையாக இருக்கலாம். ஆனால் இந்த ஏழு இனங்களும் வந்து குடியேறிய ஏழு தனித்தனி விருந்தாளிகள் அல்ல. இரண்டு குடிகள் இந்த மலைகளிலேயே தங்கி, இங்குள்ள பள்ளங்களால் பிரிந்து, இங்கேயே கிளைத்தவை. தென்னிந்தியாவின் உச்சிகள் புதிய இனங்களை உருவாக்கும் இடங்களாகவும் இருந்திருக்கின்றன.

பறவைகள் மட்டும் இப்படிப் பிரியவில்லை. யானை நாளொன்றுக்குப் பல கிலோமீட்டர் நடக்கும் விலங்கு. சோலையையே நம்பி வாழ்வதுமல்ல. ஆனாலும் டி.என்.சி. வித்யா, சுகுமார் முதலியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் நீலகிரிப் பகுதி யானைகள், கணவாய்க்குத் தெற்கே உள்ள ஆனைமலை–பெரியாறு யானைகளிடமிருந்து மரபணுவில் வேறுபட்டிருந்தன. ஆனைமலைக்கும் பெரியாற்றுக்கும் இடையே அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. உச்சிப் புல்வெளியின் வரையாடும் கணவாயின் இருபுறமும் இரண்டு மரபுக் கூட்டங்களாக நிற்கிறது.

பள்ளங்கள் செய்த பிரிவுக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் தேவைப்பட்டன. மனிதர்கள் 150 ஆண்டுகளில் வேறுவகைப் பிரிவைத் தொடங்கிவைத்தார்கள். இன்றைய இடுக்கி மாவட்டத்தின் மூணாறு மலைகளை 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து குத்தகைக்குப் பெற்றார். 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. சோலைக்கும் புல்வெளிக்கும் இடத்தில் தேயிலை பரவியது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய குடும்பங்கள். நீலகிரியிலும் பழனியிலும் தேயிலை, காய்கறி வேளாண்மையோடு சீகை, தைலமரம், பைன் ஆகிய அயல் மரங்களை அரசே பெருமளவில் நட்டது. புல்வெளியை வெற்று நிலமாகப் பார்த்த காலம் அது. பழனி மலையில் மரத்தோப்பும் வேளாண்மையும் சேர்ந்து நாற்பது ஆண்டுகளில் உச்சிப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிட்டதாக, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அரசுமணி, ராபின் முதலியோர் 2018-இல் காட்டினார்கள். மூணாறு மலைகளில் எஞ்சிய நல்ல பரப்பில் 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட 97 சதுர கிலோமீட்டர் இரவிகுளம் முக்கியமானது. வரையாட்டுக்காகக் காத்த அந்த இடம் சோலைப் பறவைகளுக்கும் புகலிடமாயிற்று.

ஒரே மலைக்குள் சோலைத்துண்டுகள் இப்படித் தேயிலையாலும் தோப்பாலும் பிரிந்தபின் பறவைகளின் மரபணு ஓட்டம் என்னவாயிற்று என்ற கேள்வியை ராபின் குழு 2015-இல் இன்னோர் ஆய்வில் எடுத்துக்கொண்டது. வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளியும் பழனிச் சிரிப்பானும் அதற்குப் பாத்திரங்கள். சிரிப்பான் சோலை ஓரத்திலும் தோட்டத்துப் புதரிலும் சமாளித்துக்கொள்ளும். சோலைக்கிளி நிழலை விட்டு வெளியே வராது. அண்மைக்காலத் துண்டாடலின் சுவடு சோலைக்கிளியிடம் அதிகமாகப் பதிந்திருந்தது. குரலும் சாட்சி சொன்னது. 2016-இல் சேதனா புருஷோத்தமும் ராபினும் சோலைக்கிளியின் பாட்டுகளைப் பதிவுசெய்து ஒப்பிட்டபோது, பழைய கணவாய்கள் பிரித்த கூட்டங்கள் பாட்டின் ஒருவகைக் கூறுகளில் வேறுபட்டன. அண்மையில் காடழிந்து பிரிந்த கூட்டங்கள் வேறுவகைக் கூறுகளில் வேறுபட்டன. குஞ்சுகள் அக்கம்பக்கத்துப் பறவைகளிடம் கேட்டுப் பாடக் கற்றுக்கொள்ளும் இனத்தில், மரபணு மாறுவதற்கு முன்பே பாட்டு மாறத் தொடங்கிவிடும்.

இனப் பட்டியல் திருத்தத்துக்கு நடைமுறை விளைவும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதும் பரவிய ஒரே பறவை என்று எண்ணியவரை, ஓரிடத்தில் குறைந்தால் இன்னோரிடத்தில் இருக்கிறது என்று ஆறுதல் சொல்ல முடிந்தது. தனி இனம் என்றானபின் ஒவ்வொன்றின் உலகமும் சில சிகரங்களாகச் சுருங்கிவிட்டது. பாணாசுரச் சிரிப்பான் வயநாட்டையும் அதை ஒட்டிய ஓரிரு உயர்ந்த மலைகளையும் தவிர வேறெங்கும் இல்லை; பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை அழிவாபத்திலுள்ள இனமாகக் குறித்திருக்கிறது. அசம்புச் சோலைக்கிளியின் மலைகள் கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் பங்காக இருக்கின்றன. அகத்தியமலையின் கிழக்குச் சரிவு களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்திலும், மேற்குச் சரிவு கேரளத்தின் நெய்யாறு, பேப்பாறை சரணாலயங்களிலும் சேர்கின்றன. நீலகிரியில் குறைந்த சோலைக்கிளிக்கு ஈடாக மூணாற்றிலிருந்து பிடித்துக் கொண்டுவந்து விடுவது என்ற யோசனைக்கும் இனி இடமில்லை, ஏனெனில் கணவாய்க்கு அக்கரையில் இருப்பது வேறு இனம்.